எட்டணா உருக்கப் போன கதை

மாலை நாலு பத்து. முதலில் கண்ணில் பட்டது, காற்றில் என்னை நோக்கித் திரும்பி வந்துகொண்டிருந்த என் எட்டணா. கிரிவலப் பாதையில் ஒரு சாமியாரின் தட்டில் போட்டிருந்தேன். எடுத்துப் பார்த்தவர் என் காலடிக்கே வீசிவிட்டார்.

"இது வேணாம் சாமி. செல்லாது."

உலகத்தைத் துறந்தவர் எட்டணாவையும் துறந்துவிட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஐம்பது காசு சட்டப்படி செல்லும். அதைச் செய்தியாகவே எழுதியவன் நான். (மாவட்டப் பக்கம், கீழ் மூலை.)

வீட்டில் ஒரு பால்பவுடர் டப்பா நிறைய எட்டணா இருந்தது. எல்லாம் என் மனைவி மல்லிகாவின் கடையில் சேர்ந்தவை. பௌர்ணமிதோறும் அடி அண்ணாமலையில் மசால் வடை போடுவாள். அந்த ஓர் இரவு வியாபாரத்தில்தான் எங்கள் மாதம் ஓடியது. என் சம்பளத்தில் என் பைக் ஓடியது.

மறுநாள் காலை டப்பாவைத் தூக்கிக்கொண்டு நியாயம் கேட்கப் புறப்பட்டேன். டீக்கடையில் தள்ளிவிட்டார்கள். பஸ் கண்டக்டர், "இறங்கிக்கிறீங்களா?" என்றார். வங்கியில் பௌர்ணமி கழித்து வரச் சொன்னார்கள். மல்லிகா மட்டும் நிதானமாகச் சொன்னாள்: "சட்டத்துல செல்லும்ங்க. சன்னதித் தெருவுல செல்லாது."

கடைசியாகப் பழைய இரும்புக் கடை. எடைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கடைக்காரர் டப்பாவுக்குள் பார்த்துப் பின்வாங்கினார்.

"ஐயோ, கவர்மெண்டு காசு சார். எடைக்கு வாங்கினா கேஸாயிடும்."

"காசுன்னா டீக்கடையில ஏன் வாங்கல?"

"அத டீக்கடையில கேளுங்க. கட்டியா வந்தா நான் இன்னா ஏதுன்னு கேக்கப் போறதில்ல."

அதாவது, காசாகக் கொடுத்தால் இது தகரம். தகரமாகக் கொடுத்தால் இது காசு! நாணயத்தை உருக்குவது குற்றம் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஊரே காசு இல்லை என்று ஒதுக்கியதை உருக்கினால் என்ன குற்றம்? (நீதிபதி முன் பேச வேண்டியதைக் குளிக்கும்போதே தயாரித்துவிட்டேன்.)

பௌர்ணமியன்று காலை மல்லிகா பருப்பு வாங்கப் போயிருந்தாள். கொல்லையில் அவளுடைய கரி அடுப்பைப் பற்றவைத்து, அவளுடைய பெரிய இண்டாலியம் வடைச்சட்டியில் எட்டணாக்களைக் கொட்டி, புளோயரை முழு வேகத்தில் திருப்பினேன். எவர்சில்வர் காசு எந்தச் சூட்டில் உருகும், இண்டாலியம் எந்தச் சூட்டில் உருகும்? சாலை விபத்துச் செய்தியைக்கூட இரண்டு பேரிடம் விசாரித்து எழுதுகிறவன், இதை ஒருவரிடமும் விசாரிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அடியில் வெள்ளி போல மினுங்கியது. "உருகுது!" என்று கத்தி, மல்லிகாவின் தம்பி முருகனைக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்தான்.

"மாமா, உருகறது காசு இல்ல. சட்டி."

அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் சட்டியின் அடி கழன்று நெருப்பில் விழுந்தது. எட்டணாக்கள் கறுத்துப்போய், முழு வட்டமாக, அதன்மேல் உட்கார்ந்திருந்தன.

மல்லிகா பருப்புப் பையோடு வந்து நின்றாள். "இன்னாங்க இது?"

சாமியார், கண்டக்டர், இரும்புக் கடை என்று எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசையாகச் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

"சாயங்காலம் ஜனம் வந்துடும். வடைய உங்க நியாயத்துலயா போட்டு எடுக்கறது?"

பௌர்ணமியன்று வாடகைக்குப் பெரிய சட்டி கிடைக்குமா? பாதை முழுக்க எல்லாரும் எண்ணெய் காய வைத்திருப்பார்கள். கிடைத்தது ஒரு குட்டிச் சட்டி. அவள் நாலு நாலாகப் பொரித்தெடுக்க, வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்துக் கடைக்கு நகர்ந்ததை நான் நின்று பார்த்தேன். பாதி மாவு வீட்டுக்குத் திரும்பி வந்தது. அந்த மாதம் பைக் ஓடவில்லை.

உருகிய சட்டியை இரும்புக் கடைக்காரர் உடனே எடுத்துக்கொண்டார். கட்டியாக வந்ததால் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போதும் தொலைக்காட்சி பார்த்து நான் குரலை உயர்த்தினால் முருகன் சமையலறைப் பக்கம் திரும்பிச் சொல்வான்: "அக்கா, மாமாவுக்குக் கோவம் வருது. சட்டிய எடுத்து உள்ள வை."

எட்டணாக்களை மல்லிகா சாம்பல் போட்டுத் தேய்த்து அதே டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். ஐம்பது காசு இன்றும் சட்டப்படி செல்லும்.