எல்லைக்கல் வீட்டு வாசல் பள்ளம்

"இது நம்ம எல்லையில வராதுங்க" என்று சொல்வதற்கென்றே பிறவியெடுத்த ஓர் இனம் உண்டு. தலைநகரங்களில் அது செழித்து வளரும். நகரம் பெருக்கப் பெருக்க, மாநகராட்சி, புறநகராட்சி, குடிநீர் வாரியம், எல்லாருக்கும் மேலே பெருநகர ஆணையம், இவர்களை ஒருங்கிணைக்க ஒரு குழு, அந்தக் குழு ஏன் கூடவில்லை என்று ஆராய இன்னொரு குழு என நாற்காலிகள் பெருகும். நாற்காலிக்கு ஒருவராக இவர்களும் பெருகுவார்கள்.

பெருநகர ஆணையத்தில் உதவி இயக்குநர் ஒருவர். சக ஊழியர்கள் வைத்த பெயர் எல்லைக்கல். யார் வந்தாலும் மின்விசிறிக்குக் கீழே உட்காரவைப்பார், தண்ணீர் கொடுப்பார், சுவரிலிருக்கும் வரைபடத்தில் விரலை ஓட்டி, வந்தவரை அடுத்த கட்டடத்துக்கு அனுப்பிவிடுவார். லஞ்சமா? தொடவே மாட்டார். வேலையையும்தான்.

ஒரு மழைக்காலத்தில் அவர் வீட்டு வாசலிலேயே சாலை உள்வாங்கியது. மனைவி விழுந்து கணுக்கால் முறிந்தது. கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் நீட்டிக்கொண்டு அந்த அம்மாள் சொன்னார்: "ஊரையே ஆளறீங்க. வாசல்ல ஒரு குழியை மூட முடியலையா?"

மனிதருக்குச் சுருக்கென்றது. விடுப்புப் போட்டுவிட்டுக் கிளம்பினார். மாநகராட்சியில், தெருவின் எதிர்ச்சாரிதான் தங்களுடையது என்றார்கள். புறநகராட்சியில், மேலே உள்ள தார் மட்டும் தங்களுடையது, உள்ளே உடைந்த குழாய் வாரியத்துடையது என்றார்கள். வாரியப் பொறியாளர் அவரை மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். எல்லைக்கல்லின் கண் தானாகவே சுவரில் வரைபடத்தைத் தேடியது.

"சார், ரெண்டு எல்லை சேர்ற இடம் இது. பெருநகர ஆணையம்தான் சொல்லணும். அங்க ஒரு உதவி இயக்குநர் இருக்கார். ரொம்பத் தங்கமான மனுஷர், போய்ப் பாருங்க."

போனார். தம் நாற்காலியில் தாமே உட்கார்ந்தார். ஒரு கையெழுத்துப் போட்டால் குழாயும் சாலையும் சேர்ந்தே சரியாகிவிடும். ஆனால் நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால்? நெடுநேரம் யோசித்து, "ஒருங்கிணைப்புக் குழுவின் கருத்துக்கு" என்று எழுதிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினார்.

வாசலில் பள்ளத்தைக் காணோம். மனைவி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எதிர்வீட்டு பிளம்பரைக் கொண்டு குழாயை அடைத்து, அக்கம்பக்கத்தாரைக் கூட்டிச் செங்கல் ஜல்லி கொட்டி மேடாக்கியிருந்தார்.

"யார்கிட்ட அனுமதி வாங்கின?" என்றார் எல்லைக்கல்.

அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கால் சரியாகற வரைக்கும் சமையல் என் எல்லையில வராது. உள்ள போங்க."

போனார். வேறு எந்த அலுவலகத்துக்கும் அதைத் தள்ளிவிட வழியில்லை.

சிரிப்பு வருகிறதா? வரட்டும். உங்கள் மாடிப்படி விளக்கு எரிந்து எத்தனை நாளாகிறது? மேல்வீட்டுக்காரர் மாற்றட்டும் என்றுதானே சுவரைத் தடவித் தடவி ஏறிக்கொண்டிருக்கிறீர்கள்?