மெமரி போதவில்லை

மச்சான் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மணி இரண்டு. ஓவர்சியரின் பழைய கம்ப்யூட்டர் காலையிலிருந்து கண்ணைத் திறக்கவில்லை.

அவருடைய மானமே அதற்குள்தான் இருந்தது. கம்ப்யூட்டரோடு கூடவே வந்த கண்ணிவெடி விளையாட்டில் ஆகக் கடினமான ஆட்டத்தைத் தொண்ணூற்று நாலு விநாடியில் முடித்த சாதனை. பதினோரு வருஷத்துக்கு முன்பு, ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து சாதனைப் பட்டியலைத் திறந்தவர், தன் பெயருக்கு நேரே அந்த எண்ணைப் பார்த்து அவரே அசந்துபோனார். தூக்கக் கலக்கத்தில் ஆடியிருப்போம் என்று முடிவுசெய்தார். அன்றிலிருந்து அவர் இதைச் சொல்லாத உறவுக்காரர் பாக்கியில்லை.

நம்பாதவர் மனைவியின் அண்ணனான இந்த மச்சான் ஒருவர்தான். இன்று கண்ணெதிரே காட்டாவிட்டால், அத்தனை பேருக்கும் போன் போட்டு "நான் சொன்னது புளுகு" என்று ஒப்புக்கொள்வதாகப் பந்தயம். ஓவர்சியரே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது.

மெக்கானிக் வந்து பார்த்து, போர்டு போய்விட்டது, டிஸ்க் மட்டும் உயிரோடிருக்கிறது என்றார். மகள் வாங்கித் தந்த புதுக் கம்ப்யூட்டரில் அதை மாட்டினார்கள். பழைய சிஸ்டம் எழுந்தது. மெமரி போதவில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"பழசை விட நூறு மடங்கு இருக்கேப்பா?"

"அதான் சார் தகராறு. இவ்வளவு பெரிய கணக்கு இதுக்குத் தெரியாது. கொஞ்சம்தான் இருக்குன்னு நாம பொய் சொல்லணும்."

பொய்யனில்லை என்று நிரூபிக்க ஒரு பொய்யா? மனசு கேட்கவில்லை. ஆனாலும் சரி என்றார். மெக்கானிக் ஒரு வரி எழுதினார். சிஸ்டம் அதை நம்பி எழுந்தது. மெக்கானிக் அடுத்த வீட்டு வேலைக்குக் கிளம்பினார்.

அப்புறம்தான் மவுஸ் நகரவில்லை என்று தெரிந்தது. ஓவர்சியர் அதைப் பிடுங்கி மறுபடி செருகினார். திரை உறைந்தது. அணைத்துப் போட்டார். டிஸ்க்கில் கோளாறு இருக்கிறதா பார்க்கிறேன் என்று அது ஆரம்பித்து, நாற்பது நிமிஷம் நகர்ந்துகொண்டே இருந்தது. அது முடிவதற்கும் வாசல் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது.

"எங்க மாப்பிள்ளை சாதனை?" என்று மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஓவர்சியருக்கு வேர்த்தது. மவுஸ் அப்போதும் செத்துத்தான் கிடந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எழுந்து வந்தாள். நின்றபடியே கீபோர்டில் ஏழெட்டுத் தட்டு. விளையாட்டு திறந்தது, பட்டியலும் வந்தது. இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று யோசிக்கும் நிலையில் அவர் இல்லை.

தொண்ணூற்று நாலு. பக்கத்தில் அவர் பெயர்.

மச்சான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். எழுந்து ஓவர்சியரைக் கட்டிக்கொண்டார். ஓவர்சியர் மீசையைத் தடவிக்கொண்டார்.

மச்சான் தங்கையிடம் திரும்பினார். "தோத்துட்டேன்மா. இதை ஆடினது சாதாரண மூளை இல்ல."

"இதை உன் வாயால கேக்கணும்னுதான் பதினோரு வருஷமா பேசாம இருந்தேன், அண்ணா," என்றாள் அவள். "பேரை மாத்தத் தெரியாம இவர் பேர்லயே என்டர் தட்டிட்டேன். இப்பல்லாம் போன்ல எழுபது விநாடியிலயே முடிச்சிடறேன்."