முதல் படம் பாத்தீங்களா?

டிக்கெட் வாங்கி வந்தவர்களைப் படம் பார்க்க விடாமல் மறித்த ஆள் உலகத்திலேயே ஒருவர்தான் இருப்பார். அவர் எங்கள் நீடாமங்கலம் தியேட்டரில் டிக்கெட் கிழித்த நாற்றங்காலார்.

அந்த வாசலில் நான் அவித்த கடலை விற்றேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் புரியவில்லை என்று யாரிடமும் சொன்னதில்லை, தாலுகா ஆபீஸில்கூட.

மற்றப் படங்களுக்கு அவர் வாயே திறக்க மாட்டார். தமிழ் பேசும் வெள்ளைக்கார உளவாளி படம் வந்தால் போதும். என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வந்துகொண்டிருக்கும் படம் அது. ஆள் மாறுவான், கோட்டு மாறாது.

"முதல் படம் பாத்தீங்களா?"

"இல்லைங்க."

"ரெண்டாவது, மூணாவது?"

"வழியை விடுங்க, படம் போட்டுட்டான்."

"கேட்டுட்டுப் போங்க. முதல் மூணும் நாத்தங்கால். மிச்சமெல்லாம் அதுலேருந்து பறிச்சு நட்டது. கடல் நடுவுல வில்லன் குடியிருக்கானா? முதல் படத்து நாத்து. ரயில்ல அடிச்சுக்கிறானா? ரெண்டாவது. காரே துப்பாக்கி மாதிரி சுடுதா? மூணாவது. நாத்து தெரியாம நடவைப் பாத்து என்ன பண்ணப்போறீங்க?"

இந்தப் பேச்சால்தான் அவருக்கு அந்தப் பெயர். கீழ்வேளூரிலிருந்து வந்த புது மாப்பிள்ளை ஒருவர் மூன்று கதையையும் வாசலிலேயே கேட்டுவிட்டு, "இதுக்கு மேல உள்ள என்ன இருக்கு?" என்று பெண்டாட்டியோடு ரயிலேறிவிட்டார்.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. புதுப் படம் வந்த அன்று மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"கடலையம்மா, நீங்க முதல் படம் பாத்திருக்கீங்களா?"

"நான் எந்தப் படத்தைங்க பாத்தேன்? யாவாரத்தை யார் பாக்குறது?"

"நல்லதாப் போச்சு. யோவ், அந்தம்மாவை உள்ள விடு. அவங்களுக்குப் படம் புரிஞ்சுட்டா நாளைக்கு நீ வேலைக்கு வராதே. புரியலைன்னா உன் இஷ்டத்துக்குக் கதை சொல்லிக்கோ."

என் டிக்கெட்டை நாற்றங்காலார் நாலாகக் கிழித்தார். தனி ஆள். அந்த வாசலை விட்டால் அவர் கதையைக் கேட்க யாருமில்லை.

உள்ளே போய் உட்கார்ந்தேன். ரயிலைக் காட்டியதுமே அடிதடி என்று தெரிந்துவிட்டது. கார் வந்ததும் பக்கத்தில் இருந்தவரிடம், "இப்ப சுடும் பாருங்க" என்றேன். சுட்டது. எட்டு வருஷமாக அந்த வாசலில் காது கொடுத்து உட்கார்ந்திருந்தவள் நான். ஒரு காட்சி விடாமல் புரிந்தது.

வெளியே வந்தேன். கூட்டமும் நின்றது.

"என்னம்மா, புரிஞ்சுதா?" என்றார் முதலாளி.

நாற்றங்காலார் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கிழிசல் டிக்கெட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு எழவும் புரியலைங்க" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். "கடலை விக்கிறவங்களுக்கு இதெல்லாம் எங்கேருந்து புரியும்?" என்றார் ஒருத்தர். அவருக்கு அதற்குப் பிறகு நான் கடலை கொடுத்ததில்லை.

"சொன்னேனா இல்லையா முதலாளி!" என்று நாற்றங்காலார் நெஞ்சை நிமிர்த்தினார். பிறகு என் கூடை ஓரமாகக் குந்திக்கொண்டு, பாவம் இந்தப் பொம்பளை என்கிற முகத்தோடு, முதல் படத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். "அப்புறம்?" என்றேன்.