ரோபோவுக்கு விபூதி

திருவண்ணாமலையில் யாராக இருந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியவை இரண்டு: ஒன்று மலை, இன்னொன்று எங்கள் அலுவலக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சீல் அக்கா. இதைச் சொன்னது நான் இல்லை. அவரேதான்.

வருகிற மனுக்களுக்குத் தேதி முத்திரை குத்துவது அவர் வேலை. அவர் குத்துகிற குத்தில் பக்கத்து மேஜையில் என் டீ தளும்பும். கையெழுத்து இல்லாத மனுவை மந்திரியே கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்புவார். எடை நூற்று முப்பத்தெட்டு கிலோ. யாராவது "நூறு கிலோ இருப்பாங்களா?" என்று கிசுகிசுத்தால், "முப்பத்தெட்ட விட்டுட்டியே" என்று திருத்துவார்.

அப்பா அம்மா போன பிறகு தம்பியை வளர்த்தது அவர்தான். அந்த நினைப்பில் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. தம்பி கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். நாற்பது வயதில் அவனுக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போயின. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அக்காவின் கிட்னி அவனுக்குப் பொருந்தியது. ஆனால் சென்னை டாக்டர்கள், இந்த எடையில் எடுத்தால் கொடுப்பவருக்கே ஆபத்து, முதலில் உடம்பைக் குறையுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அக்கா காலையில் கொள்ளுக் கஞ்சி குடித்தார். பசிக்குமே என்று அதன்மேல் நாலு இட்லி. கிரிவலப் பாதையில் தினமும் நடந்தார். அடி அண்ணாமலை போவதற்குள் கடைக்காரர்கள் எல்லாரும் சிநேகிதமாகிவிட்டார்கள். சுண்டல் கொடுக்காமல் யாரும் விடவில்லை. மூன்று மாதத்தில் இரண்டு கிலோ குறைந்திருந்தார். அன்றுதான் அவர் அழுவதை முதல்முறையாகப் பார்த்தேன். "அவன் அங்க படுத்துக்கினு இருக்கான். நான் சுண்டல் தின்னுட்டு வரேன்" என்றார்.

கடைசியில் டாக்டர்கள், இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிடும் ஆபரேஷனைச் சொன்னார்கள். அதுவும் ரோபோ மூலம். துணைக்கு நான் போனேன்.

அந்த ரோபோ எங்கே படித்தது என்பதுதான் டாக்டரிடம் அக்கா கேட்ட முதல் கேள்வி. அவர் பொறுமையாக விளக்கினார். அது தானாக எதுவும் செய்யாது. அதே அறையில் அவர் திரை முன்னால் உட்கார்ந்து விரலை அசைப்பார். வயிற்றுக்குள் ரோபோவின் கைகள் அப்படியே நடுங்காமல் அசையும்.

"அப்ப எங்க ஆபீஸ் மாதிரிதான். ஒருத்தர் உட்காந்துக்கினு விரல ஆட்டுவாரு, குனிஞ்சி வேல செய்யறது இன்னொருத்தர்."

டாக்டர் சிரித்துவிட்டார். இதே ரோபோ கிட்னியையும் எடுக்குமா என்று கேட்டார் அக்கா. எடுக்கலாம் என்றார் அவர்.

"அப்ப ரெண்டையும் சேத்தே முடிச்சுடுங்க சார். எதுக்கு ரெண்டு தடவ?"

இப்போது டாக்டர் சிரிக்கவில்லை. எடை இறங்கி, உடம்பு தேறிய பிறகுதான் அது என்றார்.

ஆபரேஷன் அன்று, கோயில் விபூதியை ரோபோவின் கையில் பூச வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தார். சுத்தப்படுத்தி உறை போட்டு வைத்திருப்பதைத் தொடவே கூடாது என்று நர்ஸ் எவ்வளவோ சொன்னார். அக்கா கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. விஷயம் கேள்விப்பட்டு வார்டுக்கு வந்த டாக்டர், குனிந்து தன் நெற்றியைக் காட்டினார். அக்கா பட்டையாகப் பூசிவிட்டார்.

வயிற்றில் ஐந்தே சின்னத் துளைகள். மறுநாளே நடந்தார். எட்டு மாதத்தில் நாற்பத்தைந்து கிலோ இறங்கியது. ஒவ்வொரு கிலோவுக்கும் தம்பிக்கு ஒரு போன். "போதும்க்கா, காத்துல பறந்துடப் போற" என்பான் அவன். பரிசோதனைகள் முடிந்து, கிட்னி மாற்றத் தேதியும் குறித்துவிட்டார்கள்.

தேதிக்குப் பதினோரு நாள் இருக்கும்போது தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது என்றார்கள். நாலாம் நாள் போய்விட்டான்.

சாவு வீட்டில் அக்கா அழவில்லை. இளைத்துப்போன அவரை வந்தவர்கள் பலருக்கு அடையாளம் தெரியவில்லை. அவரிடமே வந்து, அக்கா எங்கே இருக்கிறார் என்று கேட்டார்கள். அவர் உள்ளே கையைக் காட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்.

காரியம் முடிந்த அடுத்த வாரம் என்னையும் கூட்டிக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போனார்.

"தம்பி போயிட்டான் சார். கிட்னி ரெடியா இருக்கு. வேற யாருக்காவது வெச்சுடுங்க. அவன் வயசு ஆளா இருந்தா நல்லது."

சொந்தம் இல்லாதவர்களுக்குத் தருவது சட்டப்படி அத்தனை சுலபம் இல்லை என்று டாக்டர் மெதுவாக எடுத்துச் சொன்னார். அக்கா வாதாடவில்லை. விதி என்றால் அவருக்கு விதிதான். எழுந்துகொண்டு, "ரோபோ நல்லாதான் செஞ்சுது சார். அது மேல ஒண்ணும் குத்தம் இல்ல" என்றார்.

ஊர் திரும்பும் பஸ் செஞ்சியைத் தாண்டியது. அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "மூணு மாசம் சுண்டல்ல போச்சும்மா" என்றார்.

இப்போது மதியம் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். அவருக்கு ஒரு கிண்ணம் ரசம் சாதம். அதை ஸ்பூன் ஸ்பூனாக அவர் முடிக்க அரை மணி நேரம் ஆகிறது. எனக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனாலும் கடைசிக் கவளத்தைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, அவர் முடிக்கும்வரை சும்மா பிசைந்துகொண்டிருக்கிறேன்.