கிளவுட் வாசலில் சலாம் காக்கா

கம்ப்யூட்டருக்கும் நல்ல பழக்கவழக்கம் படிப்பிக்க வேண்டும் என்று கவலைப்பட்ட மனுஷன் இந்தப் பூலோகத்தில் ஒரே ஒருவர்தான். அந்த ஒருவரும் தேடிப்பிடித்து எங்கள் அலுவலகத்துக்கே வேலைக்கு வந்து சேர்ந்தார் என்பது எங்கள் தலையெழுத்து.

அவருக்கு உம்மா வாப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். மேனேஜர் முதல் தேத்தண்ணி கொண்டுவருகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் சலாம் காக்கா. முஸ்லிம் ஊர்களில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர் ஏறாவூர். கட்டாரில் பல வருஷம் கம்ப்யூட்டர் பார்த்துவிட்டு, புளியந்தீவில் இருக்கும் எங்கள் சின்ன ஒபிசுக்கு, கம்ப்யூட்டர் பொறுப்பாக வந்தவர்.

பெயர் வந்த கதை இதுதான். அவர்களுடைய மார்க்கத்தில் ஓர் அருமையான ஒழுங்கு இருக்கிறது. அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று சலாம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். மூன்று தரம் சொல்லியும் பதில் வராவிட்டால் முகம் சுளிக்காமல் திரும்பிப் போய்விட வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் குசினிவரை வந்து சட்டியைத் திறந்து பார்க்கிற என் சொந்தக்காரர் சிலருக்கு யாராவது இதைப் படிப்பித்தால் பெரிய புண்ணியம். ஆனால் காக்கா இதைத் தான் சம்பளம் வாங்குகிற ஒபிசுக்கும் சேர்த்துக் கடைப்பிடித்தார். எங்களோடு வேலை செய்கிற காத்தான்குடி முஸ்லிம் பிள்ளைகள்கூடச் சொல்லிப் பார்த்தார்கள். "காக்கா, அது வூட்டு வாசலுக்கு. வேல செய்யிற இடத்துக்கு இல்ல." காக்கா கேட்டால்தானே!

ஒரு நாள் கரண்ட் இல்லாமல் ஜெனரேட்டர் அலறிக்கொண்டிருந்தது. காக்கா வாசலில் நின்று மூன்று தரம் சலாம் சொல்லியிருக்கிறார். எங்கள் ஒருவருக்கும் கேட்கவில்லை. மனுஷன் மோட்டார்சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஏறாவூருக்கே போய்விட்டார். அடுத்த நாள் மேனேஜர் குதித்தார்.

"நாங்க எல்லாரும் உள்ளதானே இருந்தம்! கதவும் துறந்துதானே கிடந்தது!"

"கதவு துறந்து கிடந்தா உள்ள வரலாம் எண்டு ஆரு சேர் சொன்ன?" என்று காக்கா மிகவும் பணிவாகக் கேட்டார்.

கம்ப்யூட்டர் திருத்துகிற விதமோ அதைவிட விசேஷம். அடுத்தவருடைய ஸ்கிரீனைப் பார்ப்பது பிழையாம். என் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் பக்கத்தில் கதிரை போட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்துகொள்வார். "தங்கச்சி, இப்ப இடப்பக்கம் ஒரு பொட்டி வந்திரிக்கும். அத அமத்துங்க. அமத்திட்டீங்களா? இப்ப சிவப்பா ஒண்டு வரும், பயப்பிடாதீங்க." சொன்னபடியே சிவப்பாக ஒன்று வரும். நானும் சொன்னபடி கேட்காமல் பயப்படுவேன்.

இனி எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். வாவிக்குள் கூடு கட்டிக் கொடுவா மீன் வளர்க்கிறவர்களுக்குத் தண்ணியின் நிலைமையைச் சொல்வதுதான் எங்கள் தொழில். மாரியில் மழைத்தண்ணி இறங்கினால் சில இடங்களில் தண்ணி கெட்டுப்போகும், மீன் மூச்செடுக்க முடியாமல் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். நேரத்துக்குத் தெரிந்தால் கூட்டைத் தோணியில் கட்டி நீரோட்டம் உள்ள பக்கம் இழுத்துவிடலாம். நேரம் தப்பினால் அத்தனையும் செத்து மிதக்கும். வாவியில் நட்டிருக்கிற மீட்டர்கள் விடியப்புறம் ஒரு பைலைக் கிளவுட்டில் போட்டுவிடும். அதை நான் எடுத்து, கணக்குப் பார்த்து, தண்ணி கெட்டிருந்தால் கூட்டுக்காரர்களுக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். மெசேஜ் வராவிட்டால் தண்ணி நல்லம் என்று அர்த்தம். எங்கள் ஆரையம்பதிப் பூமணியக்கா இதை நம்பித்தான் வாவியில் ஐந்து கூடு விட்டிருந்தார். புருஷன் இல்லாத மனுஷி. பிள்ளைகளோடு பேசுவதைவிட அந்த மீன்களோடுதான் கூடுதலாகப் பேசுவார்.

இந்தக் கைவேலையை ஒழிக்கக் கொழும்பு ஒபிஸ் ஒரு மென்பொருள் வாங்கி அனுப்பியது. ஸ்கிரீனில் பெட்டி பெட்டியாக வரைந்து கோட்டால் இணைத்துவிட்டால் போதும். ஒரு பெட்டி பைலை எடுக்கும், அடுத்தது கணக்குப் பார்க்கும், கடைசிப் பெட்டி மெசேஜ் அனுப்பும். நான் நன்றாகப் படுத்துத் தூங்கலாம். செய்யவேண்டியது முதல் பெட்டியைக் கிளவுட்டோடு இணைப்பது மட்டும்தான்.

இணைக்கப் போனதும் ஸ்கிரீனில் ஒரு கேள்வி வந்தது. உங்கள் பைல்கள் எல்லாவற்றையும் பார்க்க, மாற்ற, அழிக்க அனுமதி தருகிறீர்களா என்று. உலகமே கண்ணை மூடிக்கொண்டு ஓம் என்று அமத்துகிற கேள்வி. நானும் அமத்தக் கையைக் கொண்டுபோனேன்.

"கைய எடுங்க தங்கச்சி!" காக்கா போட்ட சத்தத்தில் என் தேத்தண்ணி தளும்பிவிட்டது. "அல்லாவே! ஒரு பைலப் பாக்க வந்தவருக்கு வூட்டுச் சாவி, அலுமாரிச் சாவி, காணி உறுதி எல்லாம் என்னத்துக்கு?"

"எல்லாரும் ஓமெண்டுதான் காக்கா அமத்துற."

"எல்லாரும் அமத்தட்டும். மறுமையில அவங்கவங்கட கணக்க அவங்கவங்க குடுப்பாங்க."

பிறகு மனுஷன் தொடங்கினார். அந்த மென்பொருளுக்கென்று கிளவுட்டில் தனிக் கணக்கு. அதைப் பதிவுசெய்து ஓர் அடையாள எண். அதற்கு ஓர் இரகசியச் சாவி. மீட்டர் பைல் விழுகிற ஒரேயொரு போல்டர். அந்தப் போல்டருக்குள்ளும் பார்க்க மட்டும் அனுமதி, தொட அனுமதி இல்லை. மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில்கூட இவ்வளவு விசாரணை நடக்காது. கொழும்பிலிருந்து தினமும் போன் வந்தது. தேத்தண்ணி குடித்து முடிக்கிறதற்குள் முடிகிற வேலைக்கு ஏன் இத்தனை நாள் என்று கேட்டார்கள். மேனேஜர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு காக்காவைப் பார்த்தார். காக்கா ஜன்னலைப் பார்த்தார்.

கடைசியில் ஒரு நாள் முதல் பெட்டி பச்சையாகியது. காக்கா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான் எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

ஏனென்றால் கணக்குப் பார்த்து முடிந்த பைலை மென்பொருள் வேறு போல்டருக்கு நகர்த்த வேண்டும். எங்கள் காக்காதான் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாரே! அது பாவம், பழைய பைலை நகர்த்தவும் வழியில்லாமல், விட்டுவிட்டுப் புதியதுக்குப் போகவும் வழியில்லாமல், தினமும் அதையே பார்த்து அதே மெசேஜை அனுப்பிக்கொண்டிருந்தது. பூமணியக்கா போன் எடுத்தார்.

"இஞ்ச பாரு புள்ள, உங்கட மிசின் என்னோட விளையாடுதா? முந்தநாளும் தண்ணி கெட்டிட்டாம், நேத்தும் கெட்டிட்டாம், இண்டைக்கும் கெட்டிட்டாம். நானும் கூட்ட இழுத்து இழுத்து, மறுகா புளியந்தீவுக் கச்சேரி ஒபிஸ் வாசல்லதான் கொண்டுபோய்க் கட்டணும்!"

காக்கா வெட்கப்பட்டுப்போனார். முடிந்த பைல்களைப் போட இன்னொரு போல்டர் திறந்து, அங்கே நகர்த்த மட்டும் அனுமதி கொடுத்தார். ஏதோ பெற்ற குமர்ப்பிள்ளையைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டுதான் கொடுத்தார். அதன் பிறகு மாதக்கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கொழும்புக்காரர்களே பாராட்டினார்கள். நான் விடிய விடியத் தூங்கினேன்.

மாரி வந்தது. ஓர் இரவு முழுக்க விடாமல் அடித்தது மழை. காலையில் நான் நனைந்துகொண்டு ஒபிசுக்கு வந்து போனைப் பார்த்தேன், மெசேஜ் ஒன்றும் போயிருக்கவில்லை. இவ்வளவு மழைக்கும் தண்ணி நல்லமா என்று ஒரு சின்னச் சந்தேகம். அந்த நேரம் வாசலில் சலாம் கேட்டது. பதில் சொல்லி, கையோடு விஷயத்தையும் சொன்னேன். காக்கா மென்பொருளைத் திறந்து பார்த்தார். முகத்தில் ஒரு பெருமை.

"கிளவுட்டுக்கு லைன் கிடைக்கல்ல போல. மூணு தரம் கேட்டிரிக்கி. பதில் வரல்ல. திரும்பிட்டு."

"திரும்பிட்டா? திரும்பினதை நமக்குச் சொல்லல்லயே!"

"ஒருத்தர்ட வாசல்ல நிண்டு சத்தம் போடுறது மரியாத இல்லயே தங்கச்சி. அதான், பதில் வராட்டி சத்தமில்லாம நிப்பாட்டிரு எண்டு நான்தான்..."

மீதி வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. மனுஷன், பிழை வந்தால் அறிவிக்கும் வசதியையே அணைத்து வைத்திருந்திருக்கிறார். தன் போனை எடுத்துக் கிளவுட்டுக்குள் போனார், அப்போது லைன் வந்திருந்தது. விடியப்புறத்துப் பைல் அங்கேதான் கிடந்தது, தொடுவார் இல்லாமல். மற்ற இடமெல்லாம் பரவாயில்லை. ஆரையம்பதிப் பக்கம் மட்டும் தண்ணி படுமோசம்.

பூமணியக்காவின் கூடுகள் அங்கேதான்.

காக்கா அக்காவுக்குப் போன் எடுத்தார். பதில் இல்லை. திரும்ப எடுத்தார், திரும்பவும் எடுத்தார். ஊரில் கரண்ட் இல்லை, அக்காவின் போன் செத்துக் கிடந்திருக்கிறது. மூன்றோடு நிறுத்துகிற மனுஷன் அன்று நிறுத்தவில்லை. மோட்டார்சைக்கிளுக்கு ஓடும்போதும் போன் காதிலேயே இருந்தது. நான் ஸ்கூட்டியில் பின்னால் போனேன். ஆட்டோக்களுக்கெல்லாம் வழிவிட்டு ஓரமாகப் போகிறவர், கல்லடிப் பாலத்தில் ஒரு பஸ்ஸை முந்திக்கொண்டு போனதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

நான் போய்ச் சேரும்போது பூமணியக்காவின் வேலிக்கு இந்தப் பக்கம் காக்காவின் செருப்பு ஒன்று கிடந்தது. மனுஷன் வேலி பாய்ந்திருக்கிறார். கேற்று பூட்டப்படவே இல்லை! சலாமும் இல்லை, கிலாமும் இல்லை. வளவைச் சுற்றி ஓடிக் குசினிக் கதவைக் கையால் படபடவென்று அடித்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா! வெளிய வாங்க! மீனெல்லாம் சாகப்போகுது!"

கள்ளன் என்று நினைத்துப் பூமணியக்கா அகப்பையோடுதான் கதவைத் திறந்தார். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவதை ஓங்கும்போதுதான் மீன் என்ற சொல் காதில் ஏறியது. அகப்பையை எறிந்துவிட்டு அக்கா ஓடிய ஓட்டத்தை நான் மறக்கமாட்டேன்.

மழைக்குள் தோணியைத் தள்ளினோம். காக்கா கழுத்தளவு தண்ணியில் நின்று கூட்டுக் கயிறுகளை அவிழ்த்தார், அக்கா தோணியில் கட்டி இழுத்தார், நான் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு துடுப்புப் போட்டேன். நாலு கூடு நீரோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மீன்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கின. ஐந்தாவது கூட்டுக்கு நாங்கள் போகும்போது எல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்துகொண்டிருந்தன. பெரிய மீன்கள். பொங்கலுக்கு முதல் பிடிக்க வைத்திருந்தவை.

காக்கா கரையில் சேற்றுக்குள் குந்திவிட்டார். தேம்பித் தேம்பி அழுதார்.

"நான்தானக்கா அதுக்குச் சொல்லிக்குடுத்த. பதில் வராட்டித் திரும்பி வா எண்டு. இஞ்ச ஒரு உசிரு தவிக்குதெண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

பூமணியக்கா செத்த மீன்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு கிட்டப் போனார்.

"அழாதங்க தம்பி. நாலு கூடு கிடக்குத்தானே. நீங்க வந்திராட்டி அதுவுமில்ல. தோள் நோகுதா? நான் உள்ள பலத்தோட அடிச்சிப்போட்டன்."

"அடிச்சது காணாதக்கா, இன்னும் அடிங்க" என்றார் காக்கா. அந்த அழுகைக்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அக்காவுக்கும் வந்துவிட்டது.

அடுத்த நாளே காக்கா எல்லாவற்றையும் மாற்றினார். இப்போது பதில் வரும்வரை அந்த மென்பொருள் கிளவுட்டைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பிழை என்றால் காக்காவின் போன் அலறும். தண்ணி நல்லம் என்றாலும் நல்லம் என்று மெசேஜ் வரும். எங்களுடைய போன் நம்பர்களையும் போடச் சொன்னார் மேனேஜர். "வேணாம் சேர், பிழ என்ட. அலறினா நான் ஒழும்புறன்" என்று சொல்லிவிட்டார் காக்கா. அன்றிலிருந்து ஒரு மெசேஜும் தவறவில்லை.

ஆனால் போன மாரியில் பூமணியக்கா என்னை மறித்துக் கேட்டார்.

"ஏன் புள்ள, தண்ணி நல்லம் எண்டு மெசேஜ் வந்திருதுதானே. மறுகா எதுக்கு அந்தத் தம்பி மழ பெய்யிற நாளெல்லாம் விடியக்காலம வந்து கூட்டப் பாத்துக்கொண்டு நிக்கிறார்? என்னையும் கூப்பிடுறல்ல. கொஞ்ச நேரம் நிண்டு பாத்திட்டுப் போறார்."

ஏறாவூரிலிருந்து ஆரையம்பதிக்கு, அவ்வளவு தூரம், அந்த மழையில், ஒருவருக்கும் சொல்லாமல்! ஒபிசில் இதைப் பற்றி ஒரு வார்த்தை மூச்சு விட்டதில்லை மனுஷன். "சும்மா லைன் செக் பண்ண வருவாரக்கா" என்று ஒரு பொய்யைச் சொல்லிவைத்தேன். நானும் அவரிடம் இதுவரைக்கும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் விடியப்புறம் மழை இருட்டிக்கொண்டு வந்தால், இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணியைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு நான் வாவிக்கரைக்குப் போய்விடுகிறேன். மனுஷன் நனைந்துகொண்டு நிற்பாரே.