துண்டுக்கு வந்த அருள்

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே செங்காட்டுப்புதூர் என்று ஓர் ஊர். நாளொன்றுக்கு நாலே பஸ் வருகிற ஊர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையானால் வேன் நிறுத்த இடமில்லை. கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்தார்கள், பொள்ளாச்சியிலிருந்து வந்தார்கள், கைக்குழந்தையோடு வந்தார்கள். எல்லோரும் வந்தது ஈ பார்க்க. வீட்டில் ஈ இல்லாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டு ஈ விரட்டினாலும் போகாது. இங்கே இருப்பது, கூப்பிட்டால் வருகிற ஈ.

கூப்பிடுகிறவர் ஸ்ரீ ஈவசிய சுவாமிகள். பாம்பை அடக்கியவர் உண்டு, யானையை அடக்கியவர் உண்டு, ஈயை அடக்கியவர் ஈரேழு உலகத்திலும் இவர் ஒருவரே என்று பேனர் சொன்னது. பேனரில் சாமியின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். ஒளிவட்டத்தைச் சுற்றி ஈ.

ஊருக்கு என்ன வந்தது? கொய்யாவுக்குப் புழு வந்தது. செங்காட்டுப்புதூரில் பாதிக்குப் பாதி கொய்யாத் தோட்டம். இரண்டு வருடமாகப் பழத்தைப் பிளந்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தது. காயில் முட்டை வைக்கிற பழ ஈயின் வேலை. வருடாவருடம் அடிக்கிற மருந்தையே அடித்தார்கள், சாகவில்லை. அதே மருந்தை இரண்டு மடங்காக அடித்தார்கள், அப்போதும் சாகவில்லை. மருந்துக்குச் சாகாதது பூச்சியல்ல, சாபம் என்று ஊர் முடிவுகட்டியது. சாபம் என்று ஓர் ஊர் முடிவுகட்டிவிட்டால் போதும், அதை நீக்க ஓர் ஆள் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

மூன்று ஏக்கர் கொய்யா வைத்திருக்கும் திருமலைசாமிதான் அந்தப் பையை பஸ் ஸ்டாப்பிலிருந்து சுமந்து வந்த முதல் ஆள். ஐம்பத்திரண்டு வயது. நல்ல மனிதர். நல்ல மனிதர் என்றால் என்ன அர்த்தம் என்று சாமிக்குத் தெரிந்திருந்தது.

கூட்டத்துக்கு நடுவே சாமி ஒரு செம்புக் கலசத்தை வைப்பார். தண்ணீர் ஊற்றுவார், துளசியைக் கிள்ளிப் போடுவார், இரண்டு கையாலும் கலசத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டு கண்ணை மூடுவார். "வா மகனே, வா!"

ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஒன்று வரும், பத்து வரும், பிறகு எண்ண முடியாது. பொன்னிறமும் பழுப்புமான ஈக்கள் தோட்டத்திலிருந்து நேராகக் கலசத்துக்கு வந்து விளிம்பை நக்கும், கிறங்கும், தீர்த்தத்தில் விழுந்து காலை மேலே தூக்கிவிடும்.

"சரணாகதி!" என்று மைக்கில் கத்துவான் சீடன்.

ஜனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பிறகு காணிக்கை. காணிக்கைக்கு ஈடாக வாயில் மஞ்சள் துணி கட்டிய ஒரு மண் கலயம். அதை ஈசானி மூலையில் உள்ள மரத்தில் கட்ட வேண்டும். நாற்பத்தெட்டு நாள் தோட்டத்தில் யாரும் எதுவும் செய்யக்கூடாது. விழுந்த காயைப் பொறுக்கக்கூடாது, அது பூமாதேவிக்குப் படையல். பூச்சி ஆராய்ச்சிக்காரர்கள் கட்டிவிட்டுப் போன பிளாஸ்டிக் பொறிகளைக் கழற்றி எறிய வேண்டும், பிளாஸ்டிக் தீட்டு.

திருமலைசாமி எல்லாவற்றையும் செய்தார். அதற்குப் பரிசும் கிடைத்தது. பூசை முடிந்ததும் சாமி கை துடைத்தது அவர் தோள் துண்டில்.

மறுநாள் காலை டீக்கடையில் திருமலைசாமி உட்கார்ந்ததும் ஓர் ஈ வந்து அவர் தோளில் உட்கார்ந்தது. பிறகு நாலு. பிறகு ஒரு கூட்டமே. டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு வந்து பார்த்தார்.

"ஏனுங்க திருமலைசாமியண்ணா, உங்களுக்கும் வந்துருச்சுங்களா?"

"என்னது?"

"அருளுங்க!"

 திருமலைசாமிக்கு அவரை அறியாமலே முதுகு நிமிர்ந்தது. அன்றைக்கு டீக்கு அவரிடம் காசு வாங்கவில்லை. துவைத்தால் அருள் போய்விடும் என்று பயந்து அன்றிலிருந்து அந்தத் துண்டைத் தண்ணீரில் காட்டவில்லை. ஞாயிறுதோறும் சாமி அதில் கை துடைத்தார். ஞாயிறுதோறும் அருள் கூடிற்று.

வீட்டில் அவர் மனைவி முத்தாத்தாளுக்கு மட்டும் அருள் புலப்படவில்லை. வியாபாரிக்குப் போகிற கொய்யாவைத் தரம் பிரிக்கிறவள் அவள். காயைக் கையில் உருட்டிப் பார்த்தே உள்ளே புழு இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். அவள் ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து, புருஷன் தோளில் இருந்த ஈக்கள்மேல் கவிழ்த்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுல ஒண்ணுக்குக்கூட ஊசி இல்லீங்களே."

"என்ன ஊசி?"

"காயில குத்தி முட்டை வெக்கற ஈக்கு வாலுல ஊசியாட்ட நீட்டிட்டு இருக்கும். தெனமும் பாக்கறேனுங்க. உங்க தோள்ல இருக்கறது பூராவும் ஊசி இல்லாததுங்க."

"அதுக்கு?"

"ஊசி வெச்சதெல்லாம் இன்னும் தோட்டத்துல காயத் துளைச்சுக்கிட்டுத்தான் இருக்குது. உங்க அருளுக்கு ஆம்பளை ஈ மட்டுந்தான் மயங்குது."

"சாமி காரியத்துல கைய வெக்காத, அம்மணி" என்று திருமலைசாமி எழுந்து போய்விட்டார். 

முத்தாத்தாள் லோகப்பிரியாவுக்கு போன் போட்டாள். பழ ஈயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண். சாமி தீட்டு என்ற பொறிகளைக் கட்டிவிட்டுப் போனவள். திருமலைசாமிக்கும் கேட்கட்டும் என்று முத்தாத்தாள் ஸ்பீக்கரில் போட்டாள். அவர் கேட்காத மாதிரி செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, துண்டுல இருக்கறது மெத்தில் யூஜினால்னு ஒரு வாசனைத் தைலமுங்க. துளசியிலயும் கொஞ்சம் இருக்குது. ஆண் ஈ அந்த வாசத்தை விடவே விடாது. நான் கட்டுன பொறிக்குள்ள இருக்கறதும் அதேதான். அதுல வேற ஒரு மருந்தும் சேர்த்திருக்கும், தொட்டா செத்துரும்."

"அப்ப நாங்க அடிச்ச மருந்துக்கு ஏனுங்க சாகல?"

"எட்டு வருசமா ஒரே மருந்து அடிச்சீங்கல்ல? ஆயிரத்துல பத்து தப்பிச்சிருக்கும். அந்தப் பத்தோட புள்ளைங்க, பேரன் பேத்திங்கதான் இப்ப தோட்டம் பூராவும். அந்த மருந்துக்குச் சாகாத கொணம் மரபணுவுல அப்படியே எறங்கிருச்சு."

"எங்க மாமனாரு புடிவாதம் இவருக்கு எறங்குன மாதிரிங்களா?"

"அதேதானுங்க அக்கா."

செய்தித்தாள் ஒருமுறை ஆடியது.

கலயம் கட்டிய மூன்றாவது வாரம், பதினைந்து வருடமாக அவர்கள் தோட்டத்துக் கொய்யாவை எடுக்கிற அப்துல் முத்தலிப் வண்டியோடு வந்தார். மரத்தடியில் படையல் அழுகிக் கிடந்தது. அதில் வளர்ந்த புழுக்கள் மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, புது ஈயாகி, மறுபடி மரத்துக்கு ஏறிக்கொண்டிருந்தன. முத்தலிப் பத்துக் காயைப் பிளந்தார். பத்திலும் புழு.

"தப்பா நெனைக்காதீங்க மச்சான்" என்றார். "இதை நான் கொண்டுபோய் யாருக்கு விக்கறது?"

வெறும் வண்டி திரும்பிப் போனது. திருமலைசாமி அது தெரு முனை தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாமியிடம் ஓடினார்.

சாமி கண்ணை மூடினார். "உன் வீட்டில் நம்பாத பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளால்தான் கட்டு பலிக்கவில்லை. அவளை ஒரு மண்டலம் தாய்வீட்டுக்கு அனுப்பு. தோட்டம் பூக்கும்."

கூட்டம் 'உச்' கொட்டியது. திருமலைசாமி எழுந்து வெளியே நடந்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருடம். அந்தத் தோட்டத்தில் ஒவ்வொரு கன்றுக்கும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியவள் அவள். ஈயைக் கூப்பிட்டு அடக்குகிறவருக்கு அவளை ஊரைவிட்டு அனுப்பாமல் மந்திரம் ஓடாதாமா?

வீட்டுக்கு வந்து துண்டை எடுத்து முத்தாத்தாள் கையில் கொடுத்தார்.

"இந்தா அம்மணி. இத வெச்சு என்ன பண்ணோணுமோ பண்ணு. நான் கூட நிக்கறேன்."

அடுத்த ஞாயிறு. கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். சாமி கலசத்தை எடுத்து வைக்கும் முன்பே, பத்தடி தள்ளி வேலியில் முத்தாத்தாள் தன் வெள்ளாட்டைக் கட்டினாள். அதன் கழுத்தில் துண்டைச் சுற்றினாள். லோகப்பிரியாவும் கோயம்புத்தூரிலிருந்து வந்து கூட்டத்தோடு நின்றாள்.

ஆடு கண்ணை மூடவில்லை. மந்திரம் சொல்லவில்லை. வேலிக்கொடியைத் தின்றுகொண்டிருந்தது. ஈக்கள் வந்து அதன் கழுத்தை மொய்த்தன.

முதலில் ஒரு குழந்தை சிரித்தது, பிறகு நாலு பேர் செல்போனில் வீடியோ எடுத்தார்கள். "ஆட்டை ஓட்டுங்க!" என்று மைக்கில் அலறினான் சீடன்.

"எதுக்குங்க ஓட்டோணும்?" என்றாள் முத்தாத்தாள். "அதுவும் சாமி மாதிரியேதான் ஈயக் கூப்புடுது. சாமி, ஒரே ஒரு பொம்பளை ஈயைக் கூப்புடுங்க. நான் நம்பறேன்."

சாமி லேசான ஆளில்லை. "யாம் பிரம்மச்சாரி. பெண் ஈக்கள் எம்மை அணுகா."

நம்புங்கள், கூட்டத்தில் பாதி தலையாட்டியது! "அதும் சரிதானுங்களே" என்றுகூட ஒருவர் சொன்னார்.

அப்போது திருமலைசாமி முன்னால் வந்தார். கையில் புளியும் ஒரு வாளித் தண்ணீரும்.

"சாமி, கலசத்த நான் வெளக்கித் தாரேனுங்க. நீங்களும் சோப்புப் போட்டுக் கைய நல்லாக் கழுவிக்கோங்க. அப்பறம் கூப்புடுங்க. மந்திரம் வாயில இருந்தா கை சுத்தமா இருக்கறதுல தப்பில்லீங்களே?"

மறுக்க வழியில்லை. ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருமலைசாமி கலசத்தைப் பளபளவென்று தேய்த்து வைத்தார். சாமி முழங்கைவரை கழுவினார்.

"வா மகனே, வா!"

மகன் வரவில்லை. கால் மணி நேரம் ஆயிற்று. சாமி வியர்த்தார், குரலை ஏற்றினார், வடமொழியில் கூப்பிட்டார். ஓர் ஈ கலசத்துக்கு மேலே பறந்தது. ஜனம் மூச்சைப் பிடித்தது. அது நேராகப் போய் ஆட்டின்மேல் உட்கார்ந்தது.

சீடன் நைசாகப் பையைத் தூக்கிக்கொண்டு நழுவினான். யாரோ பையைப் பிடித்து இழுத்தார்கள். பஞ்சும் லேபிள் கிழித்த ஒரு பாட்டிலும் கீழே விழுந்தன. லோகப்பிரியா மூடியைத் திறந்து பஞ்சை நனைத்து ஒரு குச்சியில் செருகி நட்டாள். ஆட்டின்மேல் இருந்தவற்றில் பாதி குச்சிக்கு மாறின.

"உரக்கடையில கெடைக்குங்க. நீங்க தீட்டுன்னு கழட்டி எறிஞ்ச பொறிக்குள்ள இருந்ததும் இதேதான். ஒரு தோட்டத்துல மட்டும் கட்டுனா பத்தாது, ஊரே கட்டோணும். ஆண் ஈ இல்லாம பெண் ஈ வெக்கற முட்டை பொரியாது. உழுந்த காயப் பொறுக்கி ஆழமாக் குழி தோண்டி மூடோணும். ஒரே மருந்த மறுபடி மறுபடி அடிக்காதீங்க. மந்திரம் அவ்வளவுதானுங்க."

சாமி எப்போது போனார் என்று யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் வந்தவர் காரில் போனார். ஒரு செருப்பு மட்டும் கிடந்தது. போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போனவர்களில் முதல் கையெழுத்து திருமலைசாமியுடையது. வெட்கமாகத்தான் இருந்தது. போட்டுவிட்டார்.

அந்தப் பருவத்துக் கொய்யா போனது போனதுதான். அடுத்த பருவத்துக்கு ஊரே சேர்ந்து பொறி கட்டியது, காய் பொறுக்கியது. முத்தலிப் மறுபடி வந்து பத்துக் காயைப் பிளந்தார். ஒன்றில்தான் புழு. வண்டி நிறைந்து போயிற்று.

அன்று மாலையே திருப்பூரிலிருந்து ஒரு கார் வந்து வாசலில் நின்றது. தேங்காய், பழம், மாலையோடு ஒரு குடும்பம் இறங்கியது.

"ஏனுங்க, ஈயை வசியம் பண்ற வெள்ளாட்டுச் சாமி ஊடு இதுங்களா? வீடியோ பாத்தோமுங்க."

திருமலைசாமி அவர்களை மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்க, உக்காருங்க, மோர் குடிங்க" என்றார். "வாசம் வந்த பக்கம் ஓடிப்போயி உழுகறது ஆம்பளை ஈயோட பொறவிக்கொணமுங்க. பாவம், அதுக்கு வேற வழியில்ல. தலைக்குள்ள இத்தன பெருசா மூளைய வெச்சுக்கிட்டு, உங்களுக்கு என்னங்க வந்துச்சு?"