கிவ் அப் என்றால் மேலே கொடு

"'கிவ்'னா கொடு. 'அப்'னா மேலே. அப்போ 'கிவ் அப்'னா மேலே கொடுன்னுதானே வரணும்?" என்று கேட்டார் டெஸ்பேட்ச் குமாஸ்தா.

"கைவிடறதுப்பா," என்றாள் மகள். கல்லூரிக்குப் போகிறவள். அப்பாவுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்த ஒரே வாரத்தில் அவளுக்குத் தன் வாத்தியார்கள் மேல் இரக்கம் வந்திருந்தது.

"இதுல கை எங்கே வருது?"

"வராது. அப்படியே மனப்பாடம் பண்ணுங்க. 'கிவ் அப்' கைவிடறது. 'கிவ் இன்' விட்டுக்கொடுக்கிறது. 'கிவ் அவே' சும்மா தூக்கிக் கொடுக்கிறது."

"வாலை மாத்தினா மாடே வேறயாயிடுதே."

"வாலைத்தான் பாக்கணும்."

அவர் ஆசைப்பட்டுப் படிக்கவில்லை. பயந்து படித்தார். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் எந்த லாரியில் எந்தப் பெட்டி ஏறவேண்டும் என்று பார்ப்பது அவர் வேலை. தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அதையேதான் பார்த்துவருகிறார். அதற்கு இங்கிலீஷ் தேவைப்பட்டதில்லை. அட்டைக்கும் தெரியாது, லாரிக்கும் தெரியாது.

ஒருநாள் முதலாளியம்மாவின் கார் டிரைவர் டெஸ்பேட்ச் ஜன்னலில் சாய்ந்துகொண்டு குண்டைப் போட்டார். "சார், வண்டியில வர்றப்போ அம்மா போன்ல பேசினாங்க. ஆபீஸ்ல எல்லாருக்கும் இங்கிலீஷ் பரீட்சை வெக்கிறாங்களாம். அதை வெச்சுப் பாதிப் பேரை வெளியே அனுப்பப்போறாங்களாம்."

குமாஸ்தா மனசுக்குள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். மகளின் படிப்பு முடியவில்லை. வீட்டில் ஓடுகிற இன்னொரு சம்பாத்தியம் மனைவியின் தையல் மிஷின் மட்டும்தான். அது பாதி நாள் ஓடாது.

பக்கத்து மேஜையில் பில் போடுகிறவருக்குக் கொட்டாவி என்று பெயர். அவர் வாயைத் திறந்தால் அதற்குத்தான். "வர்றது வரட்டும். நமக்கு 'எஸ்', 'நோ' தெரியும். அதுக்கு மேல எவன் பேசறான்?" என்று சொல்லிவிட்டு, தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டார்.

குமாஸ்தா அப்படி இருக்க முடியுமா? பொறுப்பானவர். பொறுப்பானவர்களுக்குத்தான் உலகத்தில் எல்லாக் கஷ்டமும் வரும்.

மகள் ஒரு வழி சொன்னாள். வீடு முழுக்கச் சீட்டு ஒட்டி, அந்தந்த வேலையைச் செய்யும்போது அதைப் படிக்கவேண்டும். விளக்கு சுவிட்சில் 'டர்ன் ஆஃப்'. படுக்கையில் 'கெட் அப்'. அலமாரியில் 'புட் அவே'. வெளியே போகும்போது படிக்க வாசல் கதவில் 'கெட் அவுட்'. குமாஸ்தாவே பெரிய எழுத்தில் எழுதி, தம் கையாலேயே ஒட்டிவிட்டு வேலைக்குப் போனார்.

மாலையில் திரும்பி வந்தபோது தையல் மிஷின் ஓடவில்லை. மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்க அண்ணன் வந்தாரு," என்றாள்.

"மச்சானா? எங்கே அவரு?"

"வாசல்ல நின்னாரு. கதவைப் படிச்சாரு. போயிட்டாரு."

குமாஸ்தா ஓடிப்போய்ப் பார்த்தார். கதவின் உட்புறம் ஒட்டவேண்டியதை வெளிப்புறம் ஒட்டியிருந்தார்.

"அவரு சிநேகிதர் கடையில கணக்குப் பாக்க ஆள் தேடறாங்களாம். உங்களைச் சேத்துவிடலாம்னு வந்திருக்காரு. இப்போ போன் பண்ணிட்டு, 'உன் வீட்டுக்காரர் நல்லா இருக்கட்டும், இனிமே அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்'னு வெச்சுட்டாரு."

"இது பாடம்னு எடுத்துச் சொல்லக்கூடாதா?"

"சொன்னேன். 'உன் புருஷனுக்கு இந்த வயசுல என்ன பாடம்'னு கேட்டாரு. எனக்குப் பதில் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க சொல்லுங்க."

அவரும் போன் செய்தார். மச்சான் எடுக்கவில்லை. மாமியார் வீட்டில் இருந்த ஒரே ஆதரவும் ஒரு துண்டுக் காகிதத்தில் போயிற்று. இனி கம்பெனி வேலையை விட்டால் கதியில்லை. அவர் இன்னும் வெறியாகப் படித்தார்.

வீட்டில் படித்தால் போதாது, வேலையிலும் புழங்கவேண்டும் என்று தோன்றியது. பிஸ்கட் கம்பெனியிலிருந்து, பெட்டிகள் என்னவாயிற்று என்று கேட்டிருந்தார்கள். வழக்கமாக, "கிளம்பியாச்சு சார்" என்று போனில் சொல்லி முடித்திருப்பார். இப்போது இங்கிலீஷில் செய்தி அனுப்ப உட்கார்ந்தார். அனுப்பிவைப்பது 'சென்ட் ஆஃப்' என்று மகள் சொல்லியிருந்தாள். அந்த நேரம் பார்த்து 'சென்ட்' மறந்து, 'ஆஃப்' மட்டும் ஞாபகம் இருந்தது. 'கால் ஆஃப்' என்று எழுதினார். லாரிக்காரரைக் கூப்பிட்டுத்தானே அனுப்புகிறோம், சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

ரத்து செய்துவிட்டோம் என்று அதற்கு அர்த்தம். பிஸ்கட் கம்பெனி வேறு இடத்தில் பெட்டி வாங்கிக்கொண்டது. அவர் அனுப்பிய லாரி அங்கே வாசலைத் தொட்டுவிட்டு, ஏற்றிய பெட்டிகளோடு திரும்பி வந்து நின்றது.

மேனேஜர் கேட்டார். "இத்தனை வருஷமா ஒரு தப்பு வந்ததில்லையே. என்னய்யா ஆச்சு உனக்கு?"

"படிக்கிறேன் சார்," என்றார் குமாஸ்தா.

இனி பரீட்சை ஒன்றுதான் அவரைக் காப்பாற்றவேண்டும். குளிக்கும்போது படித்தார், பஸ்ஸில் முணுமுணுத்தார். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறு இடம் பார்த்தார்கள். அசிங்கமாக இருந்தது. இந்த வயதில் இந்தப் பிழைப்பா என்று ஒருநாள் கண்ணில் நீர்கூட வந்தது. ஆனால் படிப்பு ஏறியது. கடைசி வாரம் மகள் கேட்ட ஒன்றிலும் வால் மாறவில்லை. "எங்க கிளாஸ்லயே இப்படிச் சொல்றவங்க கம்மிப்பா," என்றாள். மனைவிகூட மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

பரீட்சை முதலாளியம்மாவின் அறையில், நேருக்கு நேர் நடந்தது. முதலில் உள்ளே போன கொட்டாவி இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்தார்.

"என்ன கேட்டாங்க?"

"தெரியல. 'எஸ் மேடம்'னேன். அப்புறம் ஏதோ கேட்டாங்க. 'நோ மேடம்'னேன். உச்சுக்கொட்டினாங்க."

அந்தோ பாவம் என்று நினைத்துக்கொண்டு குமாஸ்தா உள்ளே போனார்.

வாழ்க்கையில் பெரிய கஷ்டம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று முதலாளியம்மா இங்கிலீஷில் கேட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. குமாஸ்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். 'கிவ் அப்' பண்ண மாட்டேன் என்றார். 'கேரி ஆன்', விடாமல் தொடர்வேன். விழுந்தால் 'கெட் அப்', எழுவேன். எல்லாம் போனாலும் 'ஸ்டார்ட் ஓவர்', முதலிலிருந்து ஆரம்பிப்பேன். எங்கே கொண்டுபோய் விட்டாலும் 'கெட் பை', சமாளித்துக்கொள்வேன். ஒன்றிலும் வால் தப்பவில்லை. முதலாளியம்மாவின் முகத்தில் ஒரு பெரிய பாரம் இறங்கியதுபோல் தெரிந்தது. எழுந்து நின்று கைகொடுத்தார்.

அன்று வீட்டுக்குப் போய் மகள் தலையில் கை வைத்தார். "நீதாம்மா என் வேலையைக் காப்பாத்தினவ," என்றார்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு, இந்த மாதத்தோடு அவருக்கு வேலை முடிகிறது என்றார். முகத்தைப் பார்க்காமலே சொன்னார். கொட்டாவிக்கு வேலை இருந்தது. செய்தியைக் கேட்டு அவர் ஒரு கொட்டாவி விட்டுவிட்டுப் பில் போட உட்கார்ந்தார்.

குமாஸ்தா வெளியே வந்தார். டிரைவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒரு வார்த்தைகூடத் தப்பாச் சொல்லலையேப்பா," என்றார் குமாஸ்தா.

டிரைவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "அதான் சார் அம்மா வண்டியில சொல்லிட்டு வந்தாங்க, இங்கிலீஷ் வராதவங்களை அனுப்பினா பாவம் வெளியே யாரு வேலை குடுப்பாங்க, நல்லாப் பேசறவங்க எங்கே போனாலும் பொழைச்சுக்குவாங்க, அது யாருன்னு கண்டுபிடிக்கத்தான் பரீட்சையே வெச்சேன்னு."